இரட்டை வளையம்

எங்கள் ஊரில் கல் கிடையாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கே தோண்டினாலும் களிமண், அதற்கடியில் மணல், அதற்கும் அடியில் மறுபடி களிமண். அம்மியிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் எல்லாக் கல்லும் லாரியேறி வந்தவைதான். நாயை விரட்டுவதென்றால்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்கு நெல்லில் எத்தனை ரகம் கொடுத்தாலும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே பெயர் சொல்லத் தெரியும், கல்லில் ஒன்றும் தெரியாது. கருங்கல், வெள்ளைக் கல், ஜல்லி. அதோடு சரி.

இந்த ஊரிலிருந்து கல்லைப் படிக்கப் போனவள் நான். பெயர் குந்தவை. முனைவர் பட்டம் வாங்கிய அன்றைக்கும் அம்மா பக்கத்து வீட்டில், "அவ ஏதோ கல்லு படிப்பு படிச்சிருக்கா" என்றுதான் சொன்னாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நான் என்ன செய்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இப்போது உங்களுக்காவது சொல்கிறேன்.

வெள்ளைக் கல் என்று இவர்கள் சொல்வது குவார்ட்ஸ். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை வெடிப்புகளில் ஓடிய கொதிநீரிலிருந்து படிந்து உறைந்தது. படியும்போது அந்த நீரில் ஒரு சொட்டைத் தனக்குள் சிறைப்பிடித்துக்கொள்ளும். சொட்டு என்றால் கண்ணுக்குத் தெரியாது, தலைமுடியின் தடிமனில் ஒரு பங்குகூடத் தேறாது. தங்கமும் அதே நீரில் கரைந்துதான் மேலே வந்தது. ஓரிடத்தில் தங்கத்தை இறக்கி வைத்துவிட்டு நீர் எங்கோ போய்விட்டது. இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அங்கே நடந்ததைச் சொல்ல மிச்சமிருப்பது அந்தச் சொட்டு மட்டும்தான். கல்லை மெல்லிய தகடாகச் சீவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் முதலில் உறைய வைத்து, பிறகு மெதுவாகச் சூடேற்றி, சொட்டுக்குள் இருக்கும் குமிழி எந்தச் சூட்டில் மறைகிறது என்று பார்த்துக் குறிப்பது என் தொழில்.

தங்கம் நீரில் வந்தது சரி, ஏன் குறிப்பிட்ட அந்த இடத்தில் இறங்கியது? இதில்தான் சண்டை. பாறையில் இருக்கும் இரும்பு, நீரோடு வினைபுரிந்து தங்கத்தை இறக்கிவிட்டது என்பது ஒரு கட்சி. அதன் தலைவர் எங்கள் துறையில் பெரிய கை, பேராசிரியர், அவர் பெயர் இங்கே வேண்டாம். நான் வேறு சொன்னேன். பாறை திடீரென்று பிளந்து அழுத்தம் குறைந்தபோது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, நீர் தனியாகவும் கரியமில வாயு தனியாகவும் பிரிந்தன. பிரிந்த அந்த நொடியில் தங்கத்தால் கரைந்து நிற்க முடியவில்லை, விழுந்துவிட்டது. இதற்கு ருசு என்னவென்றால், ஒரே வெடிப்பின் வரிசையில் நீர்ச்சொட்டும் வாயுச்சொட்டும் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும், சூடேற்றினால் இரண்டும் ஒரே சூட்டில் குமிழி மறைய வேண்டும். வாயுச்சொட்டை அடையாளம் காண்பது சுலபம். அதற்குள் வளையத்துக்குள் வளையமாக இரண்டு தெரியும். முப்பத்தொரு டிகிரி தாண்டினால் உள்வளையம் காணாமல் போய்விடும். ஆய்வகத்தில் ஏசி நின்றாலே போய்விடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை யாரும் பார்த்திருக்கவே முடியாது.

நான் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நூற்றுக்கணக்கான சொட்டுகளில் பார்த்தேன். கர்நாடகத்தில் மூடிப்போன ஒரு தங்கச் சுரங்கத்தின் அடிமட்டத்திலிருந்து எடுத்த கற்கள் அவை. ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காகத் தண்ணீரை இறைத்துவைத்திருந்த நேரத்தில் இறங்கி எடுத்தேன். பச்சை நிற அப்பிரகம், அதாவது மைக்கா, ஓரத்தில் ஒட்டிய, பழுப்பேறிய வெள்ளைக் கற்கள். நான் ஏறி வந்த கொஞ்ச காலத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள், அந்த மட்டம் முழுகிவிட்டது. இனி யாரும் இறங்கி எடுக்க முடியாது.

கற்களில் பாதியைப் பெங்களூர் ஆய்வகத்தில் வைத்துக்கொண்டேன். மறுபாதிக்கு இடமில்லை. பல்கலைக்கழகத்தில் கிடங்கை ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள், பழைய ஆராய்ச்சிக் கற்களையெல்லாம் வண்டிவண்டியாகக் கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன். பயந்துபோய், எந்த இடத்தில் எடுத்தது என்று எண் கட்டிய துணிப்பைகளோடு ஊருக்குக் கொண்டுவந்து, அம்மாவின் இரும்பு பீரோவில் கீழ்த்தட்டு முழுக்க அடுக்கிப் பூட்டினேன். "தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். தம்பி இளஞ்செழியன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சின்னதாக ஒரு அரிசி ஆலை வைத்திருக்கிறான், கொஞ்சம் வயலும் உண்டு.

"எங்கேர்ந்துக்கா இது?" என்றான்.

"தங்கச் சுரங்கத்துலேர்ந்து" என்றேன். வேறென்ன சொல்வது, உண்மை அதுதானே. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆராய்ச்சி இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. நல்ல பெயரும் வந்தது. நல்லதொரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குக் கூப்பிட்டு, கிட்டத்தட்ட முடிந்த மாதிரி பேசினார்கள். அப்போதுதான் பேராசிரியர் எழுதினார்: இரண்டு வகைச் சொட்டுகளும் வெவ்வேறு காலத்தில் சிக்கியவையாக இருக்கலாம், வேறு கற்களிலும் காட்டுங்கள் என்று. நியாயமான கேள்விதான். ஆய்வகத்தில் இருந்த பாதியைச் சூடேற்றிச் சூடேற்றி நான் தீர்த்துவிட்டிருந்தேன். அளவுக்கு மேல் சூடு பட்டால் சொட்டு வெடித்துவிடும், அந்தக் கல் அப்புறம் எதற்கும் ஆகாது. ஆகவே பீரோவில் இருந்த பாதிதான் கதி.

கொரோனா அடைப்புக் காலம் அது. நான் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். கூரியர் ஓட ஆரம்பித்ததும் தம்பிக்குப் போன் செய்து, பைகளைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் போட்டு, கல்லறுத்துத் தகடு தீட்டித் தரும் ஆளுக்கு நேராக அனுப்பச் சொன்னேன். எண் மாறக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிக்கா, அனுப்பிடுறேன்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காய்ச்சலோ என்று பயந்து, வெந்நீர் குடி என்று புத்தி சொன்னேன்.

தகடுகள் வந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இரட்டை வளையம் ஒன்றுகூட இல்லை. வெறும் நீர்ச்சொட்டுகள், அதுவும் ஒன்று ஒரு சூட்டில், இன்னொன்று வேறொரு சூட்டில், எந்த ஒழுங்கும் இல்லாமல். பச்சை அப்பிரகத்தையும் காணவில்லை. இவை படிவின் நடுப்பகுதியாக இருக்கும், பச்சை ஒட்டிய ஓரம் இதில் வந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பைகளில் என் கையெழுத்தில் என் எண்கள். யாரைச் சந்தேகப்படுவது? என்னைத்தான் சந்தேகப்பட்டேன். முதல் தடவை நான் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறேன், நல்ல சொட்டுகளாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன் என்று முடிவுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அழுதேன். பிறகு, இதழுக்கு எழுதி என் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எல்லோரும் பாராட்டினார்கள். உங்களைப் போல நேர்மையானவரைப் பார்ப்பது அரிது என்று பேராசிரியரே எழுதினார். அடுத்த வருஷம் வந்த தன் புத்தகத்தில், தன் கொள்கைக்கு ஆதாரமாக நான் திரும்பப் பெற்றதையும் சேர்த்துக்கொண்டார். வேலை கொடுப்பதாக இருந்தவர்கள் என் நேர்மையைப் புகழ்ந்துவிட்டு வேறு ஆளை எடுத்தார்கள். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், அஸ்திவாரம் எத்தனை அடி என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத சிவில் பிள்ளைகளுக்குப் பாறை வகைகள் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். போனால், "அக்காவுக்கு அந்த வேலை என்னாச்சு" என்று எவராவது கேட்பார்கள். போன மார்கழியில் அம்மாவுக்கு முட்டிவலி அதிகமானதால் நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், தம்பி மனைவி மாலதி தெருவையே அடைத்து ஒரு கோலம் போட்டு முடித்திருந்தாள். அழகாகத்தான் போடுவாள். வெயில் விழுந்ததும் கோலம் மினுங்கியது. கடைக் கோலப்பொடி அப்படி மினுங்காது.

குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். நெல்லைப் பார்க்கும் கைப்பழக்கம் எனக்கும் உண்டு. சுட்டால்தான் குவார்ட்ஸ் அந்தப் பால் வெள்ளைக்கு வரும். இடையிடையே செம்புள்ளிகள், தீயில் கருகிச் சிவந்த பைரைட், தங்கக் கல்லோடு சேர்ந்து வரும் இரும்புத் தாது. நகத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு துளி பச்சை அப்பிரகம். அந்தப் பச்சை இந்த ஜில்லாவில் எந்த மண்ணிலும் கிடையாது.

"நல்லாருக்காக்கா?" என்றாள் மாலதி. "வெள்ளைன்னா அப்படியொரு வெள்ளை. கடைமாவோட கலந்து மார்கழிக்கு மட்டும் எடுப்பேன். மூணு வருஷமா வருது."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் கோலப்பொடி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். தம்பி பல்துலக்கியபடி வந்து நின்றான். என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மறைக்கக்கூட முயலவில்லை. இத்தனை நாளாகக் கேட்பேன் என்று காத்திருந்தவன் போலச் சொல்ல ஆரம்பித்தான்.

"யூடியூப்புல ஒருத்தன் சொன்னான்க்கா. தங்கக் கல்ல நல்லா சுட்டுத் தண்ணியில போட்டா பொலபொலன்னு ஆயிடும், பொடிச்சு அலசுனா தங்கம் அடியில தங்கிடும்னு. ஆலையில பாய்லர் அடுப்பு சும்மாதானே எரியுதுன்னு வச்சேன். பொடிச்சேன். தாம்பாளத்துல போட்டு அலசு அலசுன்னு அலசுனேன். ஒரு பொட்டுகூடக் கெடைக்கல."

"என் கல்லை ஏன்டா எடுத்தே?"

"ஒண்ணும் இல்லாததையா பூட்டி வைப்பாங்க? ஊர் ஊராப் போயி கல்லப் பத்திப் பேசுற, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா? தங்கச் சுரங்கத்துலேர்ந்து எடுத்துட்டு வந்து எங்க வீட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, தொடாதேன்னுட்டுப் போற. நாங்க என்ன திருடங்களா?"

திருடினவன் கேட்கிறான்.

"அப்பறம் நீ போன் பண்ணி பைய அனுப்புன்ன. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. லாரி ஓட்டுற தங்கையன் வல்லத்துலேர்ந்து ரோட்டுக்குச் சரளை ஏத்திக்கிட்டு வந்தான். அதுல வெள்ளைக் கல்லு கெடந்துச்சு. பொறுக்கி, சுத்தியால ஒடச்சு, எடை சரியா இருக்கற மாதிரி போட்டு அனுப்பிட்டேன். எண்ணு ஒண்ணுகூட மாறல. நீ சொன்னியேன்னு அதுல மட்டும் கவனமா இருந்தேன்." வாயைக் கொப்பளித்துவிட்டு, "உன் கல்லவிட அது பளிச்சுன்னு இருந்துச்சுக்கா. நல்லதாத்தான் அனுப்புனேன்" என்றான்.

தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்துக் கல். ஒரு காலத்தில் மூக்குக் கண்ணாடிக்கு அறுத்த கல். அத்தனை தெளிவு. எந்த மலையிலிருந்து எந்தக் காலத்தில் உருண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாத அந்தக் கூழாங்கற்களை ராப்பகலாக உட்கார்ந்து அளந்து, அது சொன்னதை நம்பி, என் கட்டுரையை என் கையாலேயே கிழித்துப் போட்டிருக்கிறேன். பச்சையைக் காணோம் என்றபோதே ஒரு போன் செய்திருக்கலாம். எங்கள் ஊரில் கல் கிடையாது என்பதால், கல் மாறும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள்.

"பாழாப்போன கல்லுக்காகக் கூடப்பொறந்தவன அடிப்பியா? என்னடி அப்படிக் கொறஞ்சு போச்சு? கல்லுதானே? நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், அதக் கொண்டு போ."

பூஜை மாடத்தில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் பூசி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் பச்சை. நான் வைத்துவிட்டுப் போன வாரமே, பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அம்மா எடுத்து வைத்ததாம். தீ படவில்லை.

"எந்தப் பையிலேர்ந்தும்மா எடுத்தே?"

"மேல கெடந்த பையி."

"அதுல என்ன எண்ணு கட்டியிருந்துச்சு?"

"எண்ணப் பாத்தா சாமி கும்புடுவாங்க?"

அதற்கு மேல் அம்மாவிடம் கேட்க ஒன்றுமில்லை. கல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தம்பி வாசல் வரை வந்தான். என்னிடம் பேசப் பயந்து, மாலதியிடம் பேசுவது போல, "பஸ்சுக்கு வண்டியில கொண்டு விடவான்னு கேளு" என்றான். நடந்தே போனேன்.

பெங்களூரில் என் பழைய ஆய்வகத்தில் பூமிகா இருக்கிறாள். எனக்குப் பின்னால் சேர்ந்தவள், இப்போது அந்தக் கருவிக்கு அவள்தான் பொறுப்பு. நான் கல்லோடு போய் நடந்ததையெல்லாம் சொன்னபோது அவள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தகடு தீட்டிக் கொடுத்தாள். சந்தனம் கல்லின் வெடிப்பில் கொஞ்சம் இறங்கியிருந்தது. லென்ஸைத் திருப்பினேன். இருந்தது. வளையத்துக்குள் வளையம், அதன் பக்கத்திலேயே நீர்ச்சொட்டு, அடுத்து மறுபடி வளையம், ஒரே வரிசையில் குடியிருந்தன. பூமிகா மெதுவாகச் சூடேற்றினாள். குமிழிகள் சுருங்கின. இரண்டு வகையும் ஒரே சூட்டில் மறைந்தன, கூடக்குறைய ஓரிரு டிகிரிதான்.

நான் சொன்னது சரி. முதலிலிருந்தே சரி. அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. குழந்தை மாதிரி பூமிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இதழுக்கு எழுதுங்கக்கா" என்றாள்.

எழுதினேன். பீரோ, பாய்லர் அடுப்பு, வல்லத்துச் சரளை, கோலம், பூஜை மாடம், எதையும் விடாமல் எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. எந்த இடத்தில் எடுத்தது என்று உறுதி செய்ய முடியாத ஒற்றைக் கல்லை ஆதாரமாக ஏற்க வழியில்லை, திரும்பப் பெற்றது பெற்றதுதான். படித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அந்தப் பதில் வந்த வாரம்தான் தம்பி போன் செய்தான். மார்கழிக்குப் பிறகு அவன் பேசுவது அதுவே முதல் தடவை. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் மன்னித்துத் தொலைத்துவிடலாம் என்றும் நினைத்தேன், எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"அக்கா, அம்மா வச்சிருந்த கல்ல மிஷின்ல வச்சுப் பாத்தியாமே. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எவ்வளவு?" என்றான்.

எவ்வளவு என்று கேட்டான். என் வாழ்க்கையை அடுப்பில் வைத்துப் பொடித்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டான். உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சுரங்கத்துக் கல்லில் தங்கம் உண்டுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, பைரைட்டுக்குள் தூளினும் தூளாக ஒளிந்திருக்கும். லாரி லாரியாகக் கல்லை அரைத்து, ரசாயனத்தில் ஊறவைத்தால் ஒரு சிட்டிகை தேறும். இவன் பொடித்த கல்லுக்கு ஒரு கடுகின் முனைகூட வராது. அத்தனையும் எனக்குத் தெரியும். அமைதியாகச் சொன்னேன்.

"நீ சுட்ட கல்லு எல்லாத்துலயும் தங்கம் இருந்துச்சு செழியா. தாம்பாளத்துல அலசுனா வராது. பொடியோட பொடியா அப்படியே இருந்துச்சு. உன் பொண்டாட்டி அதத்தான் மூணு மார்கழியா வாசல்ல போட்டுப் போட்டுக் கூட்டித் தள்ளுனா."

"வாசல்லயா?"

"உன் வீட்டு வாசல்லதான்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "என்னடி சொன்ன அவன்கிட்ட? வாசலை வெட்டிக்கிட்டுக் கெடக்கான். சம்பா அறுக்க மிஷின் வந்து வயல்ல நிக்குது, இவன் எட்டிப் பாக்கல. இடுப்பளவு பள்ளம். மண்ண சாக்குல கட்டி வாய்க்காலுக்குக் கொண்டு போயி அலசுறான். எந்த எடத்துல கோலம் போட்டேன்னு காட்டுடீன்னு மாலதியப் போட்டுப் படுத்துறான். தெருவே நின்னு வேடிக்க பாக்குது. அங்க அவ்வளவெல்லாம் இல்லடான்னு நீ ஒரு வார்த்த சொல்லு குந்தவை. நீ படிச்சவ. நீ சொன்னா நம்புவான்."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு போனை மறுபடி எடுத்து அவன் எண்ணைக்கூடப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். கல்லைப் பற்றி நான் சொன்ன ஒன்றை என் வீட்டில் நம்பியது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.